வியாழக்கிழமைக்கு நேரே ஒன்றுமில்லை

1. இலங்கைக்குப் போவதற்காக நானும் சித்தியும் ஒரே நாளில் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டோம்.
2. என்னுடைய விண்ணப்பம் முதல் தடவையிலேயே மேலே போயிற்று.
3. சித்தியுடையது இரண்டு முறை திரும்பி வந்தது.
4. தலைமன்னார் கரையில் கடற்பறவை பார்க்க எங்களுக்கு நான்கு நாட்கள் இருந்தன. மூன்று நாட்கள்தான் பார்த்தோம்.
5. பார்க்காமல் போன ஒரு நாளுக்குக் காரணம் நான்.

அந்த நான்கு நாட்களின் பட்டியல் நீல அட்டை போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றில் இருக்கிறது. கிழமை, நேரம், பறவை, எத்தனை என்று நான்கு கட்டங்கள். கோடெல்லாம் ஸ்கேல் வைத்துப் போட்டது. அப்போதுதான் நான் சிவில் டிப்ளமா முடித்திருந்தேன். கட்டம் போடாமல் எதையும் எழுத வராது. புதன், வெள்ளி, சனி மூன்றும் நிறைந்திருக்கின்றன. வியாழக்கிழமைக்கு நேரே ஒன்றுமில்லை.

சித்தி என் அம்மாவுக்கு நேர் இளையவள். கடலூர் முதுநகரில் நர்ஸ் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதைப் பற்றிக் கேட்டவர்களுக்கு அவள் பதிலும் சொன்னதில்லை. டியூட்டி முடிந்ததும் வெள்ளைச் சேலையோடு, கறுப்புக் குடையும் ஒரு பக்கக் கண்ணாடி மங்கிப்போன பைனாகுலருமாக ஆற்று முகத்துவாரத்துக்குப் போய்விடுவாள். அங்கே ஆலாக்கள் இருக்கும். மஞ்சள் அலகும், சீவாத தலைமுடிபோல் பின்னால் சிலிர்த்த கறுப்புக் கொண்டையுமாக மேலே சுற்றிக்கொண்டே வந்து, சட்டென்று இறக்கையை மடக்கிக் கல் விழுவதுபோல் நீரில் விழுந்து மீனோடு எழும் பறவை. வலை உலர்த்தும் ஆட்களுக்குச் சித்தி ஒரு வேடிக்கை.

"இன்னா நர்சம்மா, இன்னிக்கி எத்தினி ஆலாவுக்கு ஊசி போட்டீங்க?"

"ஒனக்குன்னு ஒண்ணு மிச்சம் வச்சிருக்கேன். வந்து திரும்பி நில்லு."

கோடை வந்தால் அந்த ஆலாக்கள் குறைந்துவிடும். எங்கே போகின்றன என்பது சித்திக்குப் பல வருடக் கேள்வி. மருத்துவமனையில் பிரசவத்துக்குச் சேர்ந்திருந்த மன்னார்ப் பெண் ஒருத்தி, தலைமன்னாருக்கு அப்பால் கடலுக்கு நடுவே தீடைகள் என்று மணல் திட்டுகள் இருக்கின்றன என்றும், ஆலாக்கள் அங்கே வெறும் மணலில் முட்டையிடும் என்றும் சொன்னாள். ஆலா முட்டையைப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கே சித்தி முடிவு செய்துவிட்டாள். துணைக்கு நான்.

விண்ணப்பத்தில் பயணத்தின் காரணம் என்று ஒரு வரி. சித்தி 'பறவை பார்க்க' என்று எழுதினாள். எங்கள் கத்தோலிக்கப் பங்கில் பெண்கள் கடல் தாண்டிப் போவதென்றால் அதற்கு ஒரே காரணம்தான் உண்டு: மடு மாதா கோயிலுக்கு வேண்டிக்கொண்ட நேர்ச்சை. மடு தலைமன்னாருக்குப் போகும் ரயில் பாதையிலேயே இருப்பதால் அம்மாவுக்கு வேலை சுலபமாகிவிட்டது. "மடுன்னு ரெண்டெழுத்து எழுதிட்டுப் போயேன்டி. யாரு வந்து பாக்கப் போறாங்க?" என்றாள். சித்தி எழுதவில்லை. நான் எழுதினேன். எனக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். அச்சுப்போன்ற என் கையெழுத்தில் 'மடு மாதா நேர்ச்சை' என்று எழுதிக் கீழே கோடும் போட்டேன்.

மஞ்சக்குப்பத்தில் ஓர் அலுவலகத்தில் அந்தத் தாள்களைச் சரிபார்த்தார்கள். சித்தியின் தாளில் 'தகுந்த காரணம் எழுதவும்' என்று சிவப்புப் பென்சிலால் எழுதித் திருப்பினார்கள். அவள் புதுத் தாள் வாங்கி அதே இரண்டு சொற்களை எழுதினாள். மறுபடி சிவப்புப் பென்சில். மூன்றாவது முறை நானும் கூடப் போயிருந்தேன். குமாஸ்தா கெட்டவர் இல்லை. உட்காரச் சொல்லி, தண்ணீர் கொடுத்து, தாழ்ந்த குரலில்தான் சொன்னார்.

"ஏம்மா, காக்கா குருவி பாக்கக் கப்பல் ஏறிப் போறேன்னா நம்புவாங்களா? ஒறவுக்காரங்களப் பாக்கன்னு போடுங்க. இல்ல, இந்தப் பொண்ணு மாதிரி கோயில்னு போடுங்க."

"ஒறவுக்காரங்க யாரும் இல்லீங்க. மாதா பேரச் சொல்லி நான் ஏன் பொய் சொல்லணும்? இது என்னா திருட்டா?"

"சிரிப்பாங்கம்மா."

"சிரிச்சிட்டுக் கையெழுத்துப் போடட்டும்."

நான் மேசைக் காலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தாள் ஏற்கெனவே மேலே போயிருந்தது. அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. குமாஸ்தா அவள் தாளையும் அப்படியே மேலே அனுப்பிவைத்தார்.

ஒரு வாரம் கழித்து, இந்தப் பெண்மணி சொல்வது உண்மையா என்று விசாரிக்கப் போலீஸ் ஏட்டு ஒருவர் தெருவுக்கு வந்தார். சித்தி டியூட்டியில் இருந்தாள். அவர் முதலில் கேட்டது வாசலில் மீன் விற்றுக்கொண்டிருந்த பெண்மணியிடம். தேவனாம்பட்டினத்துக்காரி, சித்தியைத் தினமும் கிண்டல் செய்யும் கூட்டத்தில் முதல் ஆள். கூடையை இறக்கிவைத்துவிட்டு அவள் சொன்னாள்:

"பறவையா? அய்யே, அத ஏன் கேக்கறீங்க! மழைன்னாலும் வெயில்னாலும் நர்சம்மா அங்கதான் நிக்கும். எங்க ஆளுங்க கட்டுமரத்துல திரும்பி வர்றப்போ மொதல்ல தெரியறது அவுங்க கொடைதான். நாங்க சிரிக்காத சிரிப்பா? வேற எதுனா எழுதியிருந்தா அதுதான் சார் பொய்யி."

ஏட்டு அதை எழுதிக்கொண்டார். இத்தனை வருடக் கிண்டல் ஒரு நிமிடத்தில் சாட்சியாகிவிட்டது. பாஸ்போர்ட் வந்தது.

சிதம்பரத்தில் போட் மெயில் ஏறினோம், தனுஷ்கோடியில் கப்பல். சித்தியின் ஒரு வார லீவில் போக வர ஆகும் நாட்களைக் கழித்தால் கரையில் நிற்க நான்கு நாட்கள். புதன்கிழமை தலைமன்னார் கரையில் நான் எழுதிய எண்ணிக்கை நோட்டில் இரண்டு பக்கம். ஆலாக்கள், கடற்காகங்கள், நீர் விளிம்போடு ஓடிக்கொண்டேயிருந்த உள்ளான்கள். நான் பென்சிலும் கையுமாக இருந்தேன். சித்தி, "பேரு குடுத்துட்டுத்தான் பறக்குதா அதுங்க? நிமுந்து பாருடி" என்றாள். அன்று மாலை படகுக்காரர் ஒருவரைப் பிடித்தோம்.

"நாளைக்குக் கடல் அமைதியாக் கிடக்கும், தீடைக்குப் போகலாம். பிறகு கச்சான் காத்து எழும்பினா ஏலாது" என்றார் அவர்.

சித்தி கொஞ்ச நேரம் கடலைப் பார்த்தாள். பிறகு, "நாளைக்கு வேணாங்க. வெள்ளிக்கெழம வர்றோம்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அறைக்குத் திரும்பும்போது கேட்டேன்.

"நாளைக்கு மடுவுக்குப் போறோம். நீ எழுதிக் குடுத்திருக்கல்ல?"

"சித்தி, அது சும்மா எழுதினது. யாரு பாக்கப் போறாங்க?"

"நீ பாத்துக்கிட்டுதான இருக்க?"

"வெள்ளிக்கிழமை போலாம் சித்தி. கோயில் எங்க ஓடிடப் போவுது?"

"தள்ளிப் போட்டா அப்புறம் நீ போவ மாட்ட. ஒன்ன எனக்குத் தெரியாதா?"

கோபம் இல்லை, உபதேசமும் இல்லை. ஆஸ்பத்திரியில் மருந்து நேரம் சொல்வதுபோல் சொன்னாள். வியாழக்கிழமை ரயிலேறி, காட்டு வழியில் பஸ்ஸில் போய், மடு மாதா முன்னால் நான் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். சித்தி வெளியே மரத்தடியில் குடையை மடக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் தாளில் கோயில் இல்லையே.

வெள்ளிக்கிழமை கச்சான் எழுந்தது. படகுக்காரர் எங்களைப் பார்த்ததும் கையை விரித்தார். சனிக்கிழமையும் அப்படித்தான். பகல் முழுவதும் கரையில் மணல் முகத்தில் அடிக்க நின்றோம். நான் எண்ணி எழுதிக்கொண்டிருந்தேன். அழுகையை அடக்க எனக்குத் தெரிந்த வழி அதுதான். திடீரென்று சித்தி என் தோளைப் பிடித்தாள்.

"அதப் பாரு. மீன முழுங்கல."

ஓர் ஆலா நீரிலிருந்து எழுந்தது. அலகில் வெள்ளியாய் ஒரு மீன். அதை விழுங்காமல், காற்றை எதிர்த்துக் கடலுக்குள் நேராகப் போயிற்று. அதற்குப் பின்னால் இன்னொன்று, அதுவும் மீனைக் கவ்வியபடி, அதே திசையில்.

"தான் திங்கறதுன்னா இங்கயே முழுங்கும். அங்க புள்ளைங்க இருக்குது" என்றாள். அவற்றின் கொண்டை மறைந்து, புள்ளியாகி, அதுவும் மறையும்வரை பார்த்தாள். முட்டையைப் பார்க்காமல்தான் திரும்பினோம். பாம்புக்கடிக்கு நல்லது என்று ஊரில் மடுக் கோயில் மண் கேட்டு வந்தவர்களிடம், "அவ போனா, அவகிட்ட கேளுங்க. நான் பறவை பாக்கத்தான் போனேன்" என்றாள். ஆலா முட்டையைப் பற்றி என்னிடம் ஒருபோதும் பேசவில்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பிறகு புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டது. இப்போது கப்பல் ராமேசுவரத்திலிருந்து போகிறது. சித்தி மாற்றலாகிக் குறிஞ்சிப்பாடியில் இருக்கிறாள். நான் சிதம்பரத்தில் ஓர் அலுவலகத்தில் வாய்க்கால், மதகு வரைபடங்கள் போடுகிறேன். இங்கே லீவுக்குச் சொல்லும் காரணங்களையும் பட்டியல் போடலாம்: காய்ச்சல், பெரியப்பா சாவு, பெண் பார்க்க வருகிறார்கள். ஒரே பெரியப்பா மூன்று முறை செத்ததும் உண்டு. எல்லாம் கேள்வியில்லாமல் கிடைக்கும்.

சித்தியோடு மறுபடி தலைமன்னாருக்குப் போகப் போன மாதம் நான் லீவுக்கு எழுதினேன். காரணம்: பறவை பார்க்க. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "ஏம்மா, வயித்துவலின்னு போட்டா நாளைக்கே கெடைக்குமே" என்றார். "வயிறு நல்லாத்தான் சார் இருக்குது" என்றேன். இரண்டு முறை திரும்பி வந்தது. இங்கே பென்சில் நீலம். மற்றபடி அதே மூன்று சொற்கள்.

நேற்று சித்தியிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'என் லீவு கெடச்சாச்சு. உன்னுது?' அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

நீல நோட்டில் புதுப் பக்கம் எடுத்துக் கோடு போட்டிருக்கிறேன். புதன், வியாழன், வெள்ளி, சனி. என் விண்ணப்பம் இன்று காலை மூன்றாவது முறையாக மேலதிகாரியின் மேசைக்குப் போயிருக்கிறது. காரணத்தை மாற்றவில்லை.