கோடையில் விட்ட தண்ணீர்

நேற்று பிக்கரிங்கில் என் வீட்டுப் பின்வளவில், கோடையில் காய்ந்து கிடந்த பூச்சாடிக்கு அம்மா தண்ணீர் விட்டார். நனைந்த மண்ணின் மணம் என்னைத் தொண்ணூறுகளில் நாங்கள் இருந்த அஜின்கோர்ட் வீட்டுக்குக் கொண்டுபோனது.

அங்கே அப்பா பழைய ஜன்னல்களை வைத்து செடி வளர்க்க ஒரு கிறீன்ஹவுஸ் கட்டியிருந்தார். தலைகுனிந்த மணிபோலப் பூக்கும் பிரிட்டிலாரியாவில் அரிதான இனங்களைத் தேடி, தபாலில் விதை எடுப்பித்து வளர்த்தார். விதை பூவாக ஐந்தாறு வருடம் செல்லும். கோடையில் இலை வாடிக் கிழங்கு மண்ணுக்குள் உறங்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீரும் படக்கூடாது.

ஒரு கோடையில் அப்பா இருதய வருத்தத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தார். வாடிய இலைகளைக் கண்டு பதறிய அம்மா, தினமும் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றமுன்னமே அவற்றுக்குத் தண்ணீர் ஊற்றினார்.

வீடு திரும்பிய அப்பா ஒரு சாடியைக் கிளறினார். கிழங்கு அழுகிக் கூழாகியிருந்தது.

"என்னப்பா, பிழைச்சிடுமே?" அம்மா வாசலில் நின்று கேட்டார்.

அப்பா அதை மண்ணால் மூடினார். "ஓம். உம்மடை கவனிப்பாலதான் தப்பினது."

இலையுதிர் காலத்தில், அம்மா வேலைக்குப் போன ஒரு பகலில், அதே சாடிகளில் அப்பா புது விதை போட்டார். "கொம்மாவிட்டச் சொல்லாதை" என்றார் என்னிடம். அவை பூத்தபோது அப்பா உயிரோடு இல்லை. அந்தக் கிழங்குகளில் சில இப்போது என் பின்வளவில் இருக்கின்றன.

நேற்று அம்மா கேட்டார்: "அண்டைக்கு நான் தண்ணி விடாட்டி அப்பான்ர பூ ஒண்டும் மிஞ்சியிராது, என்ன?"

"ஓம் அம்மா."

அவர் உள்ளே போனதும் அவர் நனைத்த சாடியைக் கவிழ்த்து, அழுகமுன்னம் அப்பாவின் கிழங்குகளை ஒவ்வொன்றாக ஈரம் போகத் துடைத்தேன்.