கார்டைப் பெட்டியில் வைக்கச் சொன்னது நான்தான்

வியட்நாமில் ஒரு படகுத்துறையில் என் போன் ஆற்றுக்குள் விழுந்தது. நான் தனியாக ஒரு குழுவைக் கூட்டிப்போன முதல் டூர் அது. அன்று மூன்றாம் நாள்.

மூணாறில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் பதினொரு வருஷம் டிக்கெட் கவுண்டரில் இருந்துவிட்டுத்தான் டூர் மேனேஜர் ஆனேன். கிளம்புவதற்கு முந்தின வாரம் பதினொரு பேரையும் உட்கார வைத்து நானே வகுப்பெடுத்தேன். "எல்லாம் போன்லயே கட்டிரலாம். கார்டை ஹோட்டல் பெட்டியில பூட்டி வச்சிருங்க. ஊர் சிம்மையும் வீட்டுல வச்சிட்டு வாங்க, அங்க போய் வேற சிம் போட்டுக்கலாம்" என்றேன். வெளிநாட்டுச் செலவுக்கு ஆபீஸ் கொடுத்த ஃபாரெக்ஸ் கார்டை என் போன் வாலட்டில் ஏற்றியிருந்தேன். முதல் இரண்டு நாளும் ஹோட்டல், சாப்பாடு, படகு எல்லாவற்றுக்கும் போனைத் தட்டினாலே போதுமாக இருந்தது. பிளாஸ்டிக் கார்டு ஹோட்டல் லாக்கரில் கிடந்தது.

மூன்றாம் நாள் காலையில் படகில் ஏறும்போது ராஜகனி சிஸ்டருக்குக் கால் வழுக்கியது. சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவர். அவருடைய வலது கால் படகுக்கும் துறைக்கும் நடுவே மாட்டிக்கொண்டது. நான் பாய்ந்து அவர் இரண்டு கையையும் பிடித்தேன். என் கையில் இருந்த போன் எங்கே போனது என்று அப்போது பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போக அரைமணி நேரம் ஆனது. எக்ஸ்ரே எடுத்தார்கள். கணுக்கால் எலும்பு முறிந்து விலகியிருக்கிறது, உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார் டாக்டர். கவுண்டரில் இருந்த பெண் டிரான்ஸ்லேட்டரில் தட்டி எனக்குக் காட்டினாள்: முதலில் டெபாசிட்.

அப்போதுதான் இடுப்புப் பையைத் தடவிப் பார்த்தேன். போன் இல்லை. வாலட், இன்சூரன்ஸ் பேப்பர், எல்லார் நம்பரும் அதில்தான் இருந்தன. என் கார்டு இருந்த ஹோட்டல் இரண்டரை மணி நேரத் தூரம். மற்ற பத்துப் பேர் கார்டும் அங்கேதான், என் பேச்சைக் கேட்டுப் பூட்டி வைத்திருந்தார்கள். அவர்கள் போனில் பணம் கட்டும் ஊர் ஆப் இங்கே இருந்த க்யூஆர் அட்டையைப் படிக்கவே இல்லை. கையிலிருந்த ரொக்கத்தைச் சேர்த்தும் பாதி தேறவில்லை.

ஒருவர் போனை வாங்கி, எனக்கு மனப்பாடமாக இருந்த ஒரே நம்பரான ஆபீஸ் நம்பருக்குப் பேசினேன். எங்கள் முதலாளியின் தமிழில் பாதி மலையாளம். "இவிடுந்நு அனுப்பினா நாளைக்குத்தான் கிட்டும் அமுதா. இன்சூரன்ஸ்காரங்க ஒப்புதல் தர வைகுந்நேரம், சாயங்காலம் ஆகும். வேற வழி நோக்கு" என்றார்.

ஸ்ட்ரெச்சரில் கிடந்த சிஸ்டரிடம் போய் அதைச் சொன்னேன். அவர் தன் கால்விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விரல் நீலம் பாயுது புள்ள. சாயங்காலம் வரைக்கும் தாங்காது."

"உங்க கார்டும் ஹோட்டல்லதானே சிஸ்டர்?"

"இல்ல. நீ சொன்ன, நான் கேக்கல. பாஸ்போர்ட் கவருக்குள்ள இருக்கு பாரு."

கார்டை மெஷினில் போட்டோம். நிராகரித்துவிட்டது. இன்னொரு தடவை போட்டோம், அதே பதில். வெளிநாட்டு உபயோகம் திறக்கப்படாத கார்டு. நெட் பேங்கிங்கில் திறக்கலாம், ஆனால் ஓடிபி ஊர் சிம்முக்குத்தான் வரும். அந்த சிம் சின்னக்கானலில், எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில், அவர் மருமகள் ஜோதியிடம் பழைய போனில் இருந்தது.

எனக்கு அழுகை வந்தது. அழ நேரமில்லை. சிஸ்டர் போனிலிருந்து வாட்ஸ்அப்பில் ஜோதியைக் கூப்பிட்டேன். லயத்தில் வைஃபை உண்டு, டவர் கிடையாது.

"ஜோதி, அத்தையோட பழைய போனை எடுத்துக்கிட்டு ரேஞ்ச் கிடைக்கிற இடத்துக்கு ஓடு. அங்க போய்க் கூப்பிடு. அப்புறந்தான் நான் ஓடிபி கேப்பேன்."

"மேல வளைவுக்குத்தான் போகணும்க்கா. மழ பேயுது."

"நனைஞ்சுக்கிட்டே போ தாயி."

இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் கவுண்டர் பெண்ணிடம் பாஸ்போர்ட்டையெல்லாம் காட்டி, காலைச் சுத்தம் செய்து ஆபரேஷனுக்குத் தயார் செய்யும் வேலையையாவது தொடங்க வைத்தேன். ஜோதி மூச்சிரைக்கக் கூப்பிட்டாள். சிஸ்டர் வலியோடு பாஸ்வேர்டை அவரே அடித்தார். ஜோதி ஆறு எண்களைச் சொன்னாள். கார்டு திறந்தது. லிமிட்டை ஏற்ற இன்னொரு ஓடிபி. அதையும் படித்தாள். மெஷினை ஸ்ட்ரெச்சர் பக்கம் கொண்டுவரச் சொன்னேன். சிஸ்டர் பின் நம்பரை அழுத்தினார். ரசீது வெளியே வந்தது.

ஆபரேஷன் முடிந்து டாக்டர், விரல்களுக்கு ரத்த ஓட்டம் திரும்பிவிட்டது என்றார். சிஸ்டர் இப்போது லேசாகத் தாங்கி நடக்கிறார். இன்சூரன்ஸ் பணம் பிறகு வந்தது.

ஊர் திரும்பியதும் என் தப்பை நானே எழுதி முதலாளி மேஜையில் வைத்தேன். என் போனில் ஓடுவது எல்லாருக்கும் எல்லா நாளும் ஓடும் என்று நம்பினேன். ஒன்று தவறினால் அடுத்தது என்ன என்று ஒருதரம்கூட யோசிக்கவில்லை. முதலாளி படித்துவிட்டு, "அடுத்த குரூப்பும் நீதான் போகணும்" என்றார்.

அடுத்த குழு வண்டன்மேட்டு ஏலக்காய் விவசாயிகள். நெடும்பாசேரி ஏர்போர்ட்டுக்குக் கிளம்பும் பஸ்ஸில் ஒவ்வொரு சீட்டாகப் போனேன். கார்டு கைப்பையில் இருக்கிறதா, வெளிநாட்டுக்குத் திறந்தாயிற்றா, ஊர் சிம்மில் ரோமிங் உண்டா, பேங்க் நம்பர் தாளில் எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். போன் வாலட்டும் இருக்கட்டும், அது வேலை செய்யும்வரை சுலபம்தான். ஆறாவது சீட்டில் இருந்த பெரியவருக்குக் கோபம் வந்தது.

"ஏம்மா, நாங்க என்ன சின்னப் புள்ளைங்களா? வண்டிய எடுக்கச் சொல்லு."

"உங்க கார்டு இன்னும் திறக்கல அண்ணாச்சி. திறந்தாத்தான் வண்டி கிளம்பும்."

டிரைவர் எஞ்சினை அணைத்தார். பெரியவர் முணுமுணுத்துக்கொண்டே போனை எடுத்தார். அவர் முடிக்கிறவரை பக்கத்திலேயே நின்றேன்.