பூமருது என்று நான் சொன்ன மரம்

எங்கள் மரக் குழுவில் நூற்று நாற்பது பேர். அதில் நூற்று முப்பது பேருக்கு ஒரே பழக்கம். ஓடுகிற பஸ்ஸிலிருந்து கையை நீட்டி ஒரு படம் எடுப்பார்கள், "இது என்ன மரம்?" என்று கேட்டுக் குழுவில் போடுவார்கள், அத்தோடு அவர்கள் கடமை முடிந்தது. நான் விடமாட்டேன். முழு மரம், பட்டை, இலையின் முன்பக்கம், பின்பக்கம், பூ அல்லது காய், இத்தனையும் வேண்டும். இல்லாவிட்டால் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார்கள். பகல் முழுக்க ஜெராக்ஸ் கடையில் மங்கிப்போன காகிதங்களோடு மல்லுக்கட்டுகிறவள் நான். சாயங்காலமும் மங்கலைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நாங்கள் எக்ஸ்ரேக்காரர் என்று கூப்பிடுகிறவர் முதல் நாளே அப்படித்தான் என்னிடம் மாட்டினார். ஒரே ஒரு படம். கீழ்ப்பாதியை வெட்டியிருந்தார். பெரிய பெரிய இலைகள், அவற்றில் நாலைந்து மட்டும் சிவந்திருந்தன, நடுவே ஊதாநிறப் பூக்கொத்துகள். பத்துப் பேர் கைமாறி வந்த படம் என்பது பார்த்தாலே தெரிந்தது. "இங்கே யாரும் ஜோசியம் பார்ப்பதில்லை, வேறு படம் இருந்தால் போடுங்கள்" என்று எழுதினேன். "வேறு படம் இல்லை மேடம். மரம் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்" என்று பதில் வந்தது.

மறுநாள் மத்தியானம் கடைக்கே வந்துவிட்டார். ஐம்பதை நெருங்குகிற ஆள், ஒல்லி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை, இருபத்தாறு வருஷமாக. ஜன்னல் இல்லாத அறை. "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லிச் சொல்லி, சாதாரணமாகப் பேசும்போதும் இடையில் நிறுத்தி நிறுத்தித்தான் பேசுவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. மரம் மட்டை எதையும் அதுவரை ஏறெடுத்துப் பார்த்ததில்லை என்று அவரே சொன்னார்.

போனை எடுத்து வெட்டாத படத்தைக் காட்டினார். மரத்தடியில் ஒரு பெண், இடுப்பில் நாலு வயசுக் குழந்தை. பின்னால் பூங்கா மாதிரி ஏதோ ஒன்று, ஒரு பெஞ்சின் ஓரம்.

"என் தங்கச்சி. அது அவ பொண்ணா இருக்கணும். நான் பார்த்ததில்ல."

அவரைவிட ஒன்பது வயசு இளையவள். அம்மா போனபோது அவளுக்கு ஆறு வயசு. பள்ளிக்கூடத்துக்குத் தலை பின்னி அனுப்பியது இவர்தான். "எனக்குப் பின்னவே வராது. கோணலாத்தான் இருக்கும். ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்ல, அப்படியே போவா" என்றவர், படத்தில் இருந்த குழந்தையின் தலையை விரலால் பெரிதாக்கிக் காட்டினார். "இவ பின்னல் எவ்வளவு நேரா இருக்கு பாருங்க."

அப்பா செத்த கையோடு அண்ணனுக்கும் தங்கைக்கும் பேச்சு தடித்துவிட்டது. அவள் வீட்டைவிட்டுப் போய் ஏழு வருஷம். இந்தப் பக்கம்தான் எங்கோ இருக்கிறாள் என்பதைத் தவிர, எந்த ஊர், என்ன வேலை, ஒன்றும் தெரியாது. தெரிந்தவர் ஒரே ஒருத்தர், இவர்களுடைய சித்தி. படம் வந்தது அவருடைய போனுக்குத்தான். படத்தைக் கொடுத்த சித்தி நம்பரைக் கொடுக்கவில்லை. "அவகிட்ட சொல்ல வேண்டியதை நீ முதல்ல சொல்லு. அப்புறம் நம்பரைப் பத்திப் பேசலாம்" என்றுவிட்டாராம்.

"என்ன சொல்லணும்?" என்று கேட்டேன். போன் திரையைச் சட்டையில் துடைத்தார். நானும் தோண்டவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்டே தீரவேண்டியிருந்தது.

"தம்பி, உங்க கண்ணுல படக் கூடாதுன்னு அவங்க நினைச்சிருந்தா? மரத்தை வச்சு ஆளைப் பிடிக்க நான் துணை போக மாட்டேன்."

"கிட்ட போக மாட்டேன்க்கா. ஒரு ஓரமா நின்னு பார்த்துட்டு வந்துடுவேன். நடக்கிறாளா, சிரிக்கிறாளா, உடம்பு எப்படியிருக்கு, அவ்வளவுதான்."

அந்த "அவ்வளவுதான்"இல் நான் விழுந்துவிட்டேன். படத்தை வாங்கிப் பார்த்தேன். ஊதாப்பூ, பெரிய இலை, உதிரும் முன் சிவக்கிற இலை. அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "பூமருது" என்றேன். குழுவில் போட்டேன். ஆறு பேர் கட்டைவிரலை உயர்த்தினார்கள்.

எங்கள் குழுவில் ஒரு பஸ் டிரைவர் உண்டு. எந்த ஊரில் எந்தத் திருப்பத்தில் எந்த மரம் என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பெஞ்சு போட்ட பூங்காவும் பூமருதும் சேர்ந்திருக்கிற ஊர்கள் ஐந்துதான் என்று அவர் சொன்னார். எக்ஸ்ரேக்காரர் அந்த ஐந்து பெயரையும் என் கடைக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கப்புறம் இரண்டு வருஷம். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் ஏதாவது ஓர் ஊருக்குப் போவார். காலை பத்திலிருந்து பூங்கா அடைக்கிற வரைக்கும் பூமருதைப் பார்க்கிற மாதிரி ஒரு பெஞ்சு. ஒரு பாக்கெட் ரொட்டி, ஒரு பாட்டில் தண்ணீர். ஐந்து ஊரும் முடிந்தால் மறுபடி முதல் ஊர். ஒரு வாட்ச்மேன் சந்தேகப்பட்டு, "யாருக்காக உக்காந்திருக்கீங்க?" என்று அதட்டியிருக்கிறார். "மரம் பார்க்க வந்தேன்" என்றாராம் இவர். சாயங்காலம் குழுவில் ஒரு படம் வரும். பூமருது மட்டும் இருக்கும், கீழே யாரும் இருக்கமாட்டார்கள்.

காத்திருக்கிற நேரத்தில் மனுஷன் சும்மா இருக்கவில்லை. பக்கத்து மரம், அதற்குப் பக்கத்து மரம் என்று கற்றுக்கொண்டார். கறுப்பு வெள்ளையைப் பார்த்துப் பழகிய கண்ணாச்சே. இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நிற்கிற மரத்தைக் கிளை பிரிகிற விதத்தை வைத்தே சொல்லிவிடுவார். "நாமெல்லாம் முகத்தைப் பார்த்து ஆளைச் சொல்றோம், இவர் எலும்பைப் பார்த்துச் சொல்றார்" என்று டிரைவர் கிண்டல் செய்வார். போன வருஷம் வாக்கில், எனக்குச் சந்தேகம் வந்தால் நானே அவரிடம் கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். அது எனக்குக் கொஞ்சம் கசந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்படியிருக்கும்போது ஒரு சனிக்கிழமை, குழுவில் பத்துப் பேர் ஒரு பெரிய தோட்டத்தைப் பார்க்கப் போனோம். வாசல் தாண்டியதும் ஒரு மரத்தின் மேல் ஊதாப்பூ கொட்டிக் கிடந்தது. "அட, பூமருது!" என்றார் ஒருத்தர். எக்ஸ்ரேக்காரர் மட்டும் கிட்டே போனார். ஓர் இலையைத் தடவினார். உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருந்தது. அந்த இலை மரத்தினுடையது இல்லை. மரத்தைச் சுற்றி உச்சிவரை ஏறிப்போயிருந்த ஒரு கொடியினுடையது. பூவும் கொடியினுடையதுதான். மரத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

போனை எடுத்துத் தங்கையின் படத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அந்தப் படத்தை என்னிடம் நீட்டினார்.

"அக்கா, பூமருதுல பூங்கொத்து நிமிர்ந்து நிக்கும். இதுல தொங்குது."

நான் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினேன்.

"இலையும் பாருங்க. பூமருதுல கிளை நெடுக ஜோடி ஜோடியா வரும். இதுல எல்லாம் கிளை நுனியில குவிஞ்சிருக்கு. இது நாட்டு வாதுமைக்கா. மேல கொடி ஏறியிருக்கு."

நாட்டு வாதுமை எங்கே இருக்கிறது என்று கேட்டால் எங்கே இல்லை என்றுதான் சொல்லவேண்டும். என் கடைக்குப் பின்னால் ஒன்று நிற்கிறது. அவருடைய ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு. பஸ் ஸ்டாண்டு, பள்ளிக்கூடம், நிழல் வேண்டும் என்று யாராவது நினைத்த இடமெல்லாம் அதுதான். அந்தக் கொடியும் எந்த நர்சரியிலும் கிடைக்கும். அவர் கையில் இருந்த ஐந்து ஊர் ஒரே நிமிஷத்தில் எல்லா ஊரும் ஆகிவிட்டது.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். பூங்கொத்து தொங்குவதை முதல் நாளே நான் பார்த்தேன். கிளை வளைந்திருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். செடிகொடி பார்க்கிறவர்களைப் பிடிக்கிற வியாதி இது. பெயர் ஒரு தடவை வாயில் வந்துவிட்டால், அப்புறம் கண் அந்தப் பெயருக்குத் தோதாகத்தான் பார்க்கும். அடுத்தவர்களை நாலு கேள்வி கேட்கிற நான், என்னை ஒரு கேள்வி கேட்கவில்லை.

"தப்பு என்னோடது. தெரிஞ்ச மாதிரி சொல்லி உங்க ரெண்டு வருஷத்தை வீணாக்கிட்டேன். என்னை மன்னிச்சுக்குங்க தம்பி" என்றேன்.

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார்.

"இவ்வளவு சுலபமா சொல்லிட்டீங்க."

"பின்னே? தப்பு பண்ணினா சொல்லித்தானே ஆகணும்."

அவர் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். நானும் உட்கார்ந்தேன். அன்றுதான் அப்பாவின் கதையைச் சொன்னார்.

"அப்பாவுக்கு இருமல் நிக்கல. பெரிய டாக்டர்கிட்ட காட்டலாம்னு அவ தினம் கெஞ்சினா. எதுக்குன்னு நான் என் ரூமுக்குக் கூட்டிட்டுப் போய்ப் படம் எடுத்தேன். நானே பார்த்தேன். ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டேன். இருந்துச்சுக்கா. விலா எலும்புக்குப் பின்னால, இத்தனூண்டு. அப்பா படுக்கையில விழுந்த அப்புறம் பழைய படத்தை எடுத்துப் பார்த்தேன். அப்பப் பளிச்சுன்னு தெரிஞ்சுது."

"தங்கச்சிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல. அப்பாவை அடக்கம் பண்ணிட்டு வந்த அன்னிக்கு, எல்லார் முன்னாடியும், நீ ஒழுங்கா கவனிச்சிருந்தா அவர் இருந்திருப்பார்னு சொன்னேன்."

எனக்கு அவரை ஓங்கி ஓர் அறை விடலாம் போலிருந்தது. அடுத்த நொடி கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

"ரெண்டு வருஷமா ஊர் ஊரா அலைஞ்சதுக்கு, இதைச் சித்திகிட்ட ஒரு வரி சொல்லியிருக்கலாமே தம்பி!"

"தெரியும்க்கா. தூரத்துல நின்னு பார்த்துட்டா போதும், சொல்லாமலே சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்."

திங்கட்கிழமை கடைக்கு வந்து ஒரு வெள்ளைத் தாள் கேட்டார். மூலையில் நின்றுகொண்டே எழுதினார். அரைப் பக்கம்கூட வரவில்லை. படிக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார். 'அப்பா படத்தில் இருந்தது. நான் பார்க்கத் தவறிவிட்டேன். தெரிந்த பிறகும் பழியை உன் மேல் போட்டேன். நீ சொன்னதுதான் சரி' என்று இருந்தது. வரச்சொல்லியோ, பார்க்கவேண்டும் என்றோ ஒரு சொல் இல்லை. அதைப் படம் பிடித்துச் சித்திக்கு அனுப்பினார். முதல் இரண்டு படமும் மங்கல், நான்தான் மறுபடி எடுக்கச் சொன்னேன்.

பத்தொன்பது நாள் கழித்துச் சித்தியிடமிருந்து பதில் வந்தது. தங்கை எழுதியதை அப்படியே அனுப்பியிருந்தார். 'படித்தேன். இரண்டு நாள் அழுதேன். அண்ணனை எங்கேயும் தேடிப் போக வேண்டாம் என்று சொல்லுங்கள். நானே வருகிறேன். இப்போது முடியாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வருகிறேன்.'

எந்த ஞாயிற்றுக்கிழமை என்று எழுதவில்லை. கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள் என்று நான் குதித்தேன். அவர் கேட்கமாட்டேன் என்றுவிட்டார். "அவளுக்கு எப்பத் தோணுதோ அப்ப வரட்டும்க்கா. கேட்டா வராமப் போயிடுவா."

இது நடந்து எட்டு மாசமாகிறது. குழுவில் மொட்டை மரப் படங்கள் பெயர் இல்லாமல் கிடக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அவர் எங்கேயும் கிளம்புவதே இல்லை, குழுவில் படமும் போடுவதில்லை. என்ன ஆச்சு என்று டிரைவர் இரண்டு தடவை கேட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை மனசு கேட்காமல் நானே கிளம்பிப் போனேன். சொல்லிக்கொள்ள ஒரு சாக்கு வேண்டுமே, பெயர் தெரியாத ஒரு காயைக் காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இரும்புக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறை வீடு. படி நெட்டுக்குத்தாக இருந்தது, மூச்சு வாங்கியது. மேல்படியில் காலை வைத்தேன், கதவைத் தட்டக்கூட இல்லை, அதற்குள் கதவு திறந்தது.

அந்த ஒரு நொடி அவர் முகத்தில் இருந்ததை நான் யார் முகத்திலும் கண்டதில்லை. என்னை அப்படி எதிர்பார்த்து இதுவரை யாரும் கதவைத் திறந்ததும் இல்லை. அந்த ஒரு நொடியாவது நான் அவருடைய தங்கையாக இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றியது.

அடுத்த நொடி என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. "வாங்கக்கா, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்களே" என்றார். நல்ல மனுஷன், குரலில் ஒரு சொட்டு ஏமாற்றம்கூடக் காட்டவில்லை. உள்ளே வீடு கழுவித் துடைத்திருந்தது. இஸ்திரி போட்ட சட்டை, வாரிய தலை. எனக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார், காயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பெயரையும் சொன்னார். வெயிலில் கண் கூசுகிறதே, சாத்தட்டுமா என்று கதவைப் பிடித்தேன்.

"வேண்டாம்க்கா, திறந்தே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, வாசல் தெரிகிற மாதிரி தன் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்.