மடியில் முப்பத்திரண்டு வண்டிகள்

பழைய உலோகப் பொம்மைக் கார், லாரி எல்லாம் சேர்ப்பவன் நான். சிரிக்கிறவன் சிரித்துக்கொள்ளட்டும். தூத்துக்குடியில் ஒருவர் கிரேன் லாரி ஒன்றைத் தருகிறேன், பதிலுக்கு உங்களிடம் இருப்பதில் பொறுக்கிக்கொள்கிறேன் என்றார். முப்பத்திரண்டு வண்டிகளையும் நானே பொதிந்தேன்.

என் மனைவி கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறாள். எங்கள் வீட்டில் எதைப் போட்டு வைக்கவும் கழிவுத் தீப்பெட்டிதான். பெரிய பெட்டிகளைப் பிரித்து, வண்டியின் பெயர் எழுத வெள்ளைப் பக்கம் வெளியே வரும்படி திருப்பி ஒட்டினேன். ஒவ்வொன்றிலும் ஒரு வண்டி. சக்கரம் உருளாமலிருக்க, சுற்றிலும் குச்சிகளைச் செருகினேன். எல்லாவற்றையும் ஒரு அட்டைப்பெட்டியில் அடுக்கினேன்.

தூத்துக்குடி பஸ்ஸில் இருவரும் ஏறினோம்; உட்கார இடம் அவளுக்கு மட்டும் கிடைத்தது. பெட்டி அவள் மடியில். எட்டயபுரம் வருவதற்கு முன் ரோடு குண்டும் குழியுமாக இருந்தது. உள்ளே ஏதோ கடகடத்தது.

"என்னத்த வச்சு அடைச்சீங்க?"

"குச்சிதான். நீ கொண்டுவந்தது."

"மருந்து வச்சதா?"

ஆமாம் என்றேன். அவள் பெட்டியை அசையாமல் இறுக்கிப் பிடித்தாள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. பெட்டியைத் திருப்பி ஒட்டியதில் உரசும் பக்கம் உள்ளே போயிருந்தது. அதன்மேல் மருந்துக் குச்சி. பஸ் குலுங்கும்போதெல்லாம் முப்பத்திரண்டு பெட்டியிலும் குச்சி உரசிக்கொண்டிருக்கிறது. பஸ் நிறைய ஆள். அவள் மடியில் பெட்டி.

கண்டக்டரைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"சொல்லாதீங்க. சொன்னா எல்லாரும் தள்ளிக்கிட்டு எந்திரிப்பாவ. வாந்தி வருதுன்னு சொல்லி நிப்பாட்டுங்க."

அப்படியே சொன்னேன். கண்டக்டர் திட்டிக்கொண்டே விசில் அடித்தார். அவள் பெட்டியை நிறைகுடம்போல் ஏந்திக்கொண்டு படியிறங்கினாள். அறுப்பு முடிந்த கரிசல் காட்டில், வெடித்துக் கிடந்த மண்ணில் அதை வைத்தாள். பஸ்ஸைப் போகச் சொல்லிவிட்டேன். விட்டுவிட்டு வா என்று கெஞ்சினேன். காய்ந்த சோளத்தட்டை கிடக்கு, தீப் பிடித்தால் காடே போகும் என்றாள். நான் பிரிக்கப் போனேன்.

"குச்சி பத்தி எனக்குத்தான் தெரியும். அங்கன தள்ளி நில்லுங்க."

நின்றேன். கோழைப்பயல் மாதிரி பத்தடி தள்ளி நின்றேன். அவள் ஒவ்வொரு பெட்டியாக எடுத்து, அட்டையைக் கிழித்து, குச்சியை ஒவ்வொன்றாக உருவினாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தொன்பதாவதைக் கிழிக்கும்போது சீறிக்கொண்டு பிடித்தது. உதறினாள். லாரி ஒன்று தெறித்து விழுந்தது. அட்டையைக் காலால் மிதித்து, மண்ணை அள்ளிப் போட்டாள்.

நான் ஓடினேன். ஓடியவன் முதலில் பார்த்தது லாரியை. ஒரு நொடிதான். அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"வண்டிக்கு ஒண்ணும் ஆவல" என்றாள்.

வலது கையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு, மிச்சப் பெட்டிகளை இடது கையால் பிரித்தாள். கையைக் காட்டு என்றேன். இரண்டு தடவை கேட்டேன். காட்டவில்லை.