கல் லாரி அகதா

"எந்த அகதா? கல் லாரி ஓட்டுற அகதாவா, ஆர்மி அகதாவா?" என்று மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் யாராவது கேட்டால், பக்கத்தில் இருப்பவர் சிரித்துக்கொண்டே, "ரெண்டும் ஒரே ஆளு லா" என்பார்.

வேலை நாட்களில் அவள் செமோர் பக்கத்துக் கல்மலையிலிருந்து கருங்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரியை ஓட்டுகிறாள். சில சனி ஞாயிறுகளில் பச்சைச் சீருடையை மாட்டிக்கொண்டு ஈப்போ முகாமுக்குப் போய்விடுகிறாள். வத்தானியா என்கிற தொண்டர் ராணுவத்தில் அவள் கோப்ரல். பிழைப்புக்கு ஒரு வேலையைப் பார்த்துக்கொண்டே ஓய்வு நாளில் பயிற்சி எடுப்பவர்களின் படை அது. அவசரம் என்று கூப்பிட்டால் போய் நிற்க வேண்டும்.

அகதா பிறந்தது ரப்பர் தோட்டத்தில். அவள் பள்ளிக்கூடம் போகும் காலத்திலேயே பால்மரங்களை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். பிறகு அதையும் தள்ளிவிட்டு வீடுகள் கட்டினார்கள். அதில் அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் கிடையாது. "தோட்டத்து லயத்து வீட்டுல தண்ணிக்குச் சண்ட போட்டவளுக்குத்தானே தெரியும்" என்பாள். கல்யாணமான புதிதில் கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க ஒரே இடத்தில் நின்று ஒரே மாதிரி கையை ஆட்டுவது அவள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. கணவன் ஜோனதன் தஞ்சோங் மாலிம் கார் தொழிற்சாலையில் வேலை செய்து வாரக் கடைசியில் வீட்டுக்கு வருகிறவன். அவனிடம் ஒரு நாள், "நான் லாரி லைசென்ஸ் எடுக்கப் போறேன்" என்றாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே, "எடு" என்றான். அவ்வளவுதான் அந்தப் பேச்சு.

ராணுவத்துக்கு அவளை இழுத்தது வெள்ளம். ஒரு மழைக்காலத்தில் ஆறு கரையை மீறி அவர்கள் குடியிருந்த தாமானுக்குள், வீட்டு வரிசைகளுக்குள், வந்துவிட்டது. மகள் செரீனாவைச் சாப்பாட்டு மேசைமேல் தூக்கி வைத்துவிட்டு, இடுப்பளவு தண்ணீரில் அகதா நின்றுகொண்டிருந்தபோது பெரிய பச்சை லாரி ஒன்று தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தது. ஓட்டியவள் முக்காடு போட்ட ஓர் இளம் மலாய்ப் பெண். லாரியில் ஏறியதும் ஏறாததுமாக அகதா ஓட்டுநர் அறையின் பின்கண்ணாடியைத் தட்டி, "இத ஓட்டணும்னா எங்க போயி சேரணும்?" என்று மலாயில் கேட்டாள். அந்தப் பெண் பக்கென்று சிரித்துவிட்டாள். "முதல்ல உட்காருங்க அக்கா. தண்ணி வடியட்டும், சொல்றேன்."

சொன்னாள். அகதாவும் போய்ச் சேர்ந்தாள்.

மாதா கோயிலில் ஞாயிற்றுப் பூசை முடிந்து வெளியே வரும்போது கேலி பேசாத ஆள் இல்லை. "பொம்பள துப்பாக்கியத் தூக்கிக்கிட்டு யார சுடப்போற அகதா?" என்று கேட்டார்கள். உண்மையில் முதல் வருடம் அவள் சுட்டது எதுவும் பலகையில் பட்டதே இல்லை. ஓடவிட்டால் பாதியில் வாந்தி எடுத்தாள். அதற்கெல்லாம் அவள் அழவில்லை. மணல் மூட்டைக்குத்தான் அழுதாள்.

அவள் பிரிவுக்குப் பயிற்சி கொடுத்தவர் சார்ஜன் ஷாஹ்ருல். ஈப்போவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் தமிழ் முஸ்லிம் குடும்பம். அவருக்கும் அகதா வயதுதான் இருக்கும். உச்சி வெயிலில் மூட்டைகளில் மணல் நிரப்பி, நெஞ்சு உயரத்துக்குச் சுவர் எழுப்பச் சொல்வார். எழுப்பி முடித்ததும் வந்து காலால் ஓர் உதை. சுவர் சரிந்துவிடும்.

"ஏன் சார்ஜன்?" என்று ஒரு தடவை அகதா கத்தியே விட்டாள்.

"மூட்டைய வயிறு முட்ட நிரப்பியிருக்கீங்க. உருண்டுதான் ஓடும். பாதிக்கு மேல கொஞ்சம் நிரப்பு, வாய மடிச்சு அடியில வை, மேல ஏறி மிதி. செங்கல் அடுக்குற மாதிரி மாத்தி மாத்தி வை. திரும்பக் கட்டு."

திரும்பக் கட்டினார்கள். அவர் திரும்ப உதைத்தார். மூன்றாவது சுவரை உதைத்தபோது அவர் கால்தான் வலித்தது. நொண்டிக்கொண்டே போனவரைப் பார்த்துப் பிரிவு முழுதும் சிரித்தது. அப்போது அவரும் சிரித்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்கு வந்த அகதாவால் சீப்பைப் பிடித்துத் தலை வார முடியவில்லை. செரீனாதான் வாரிவிட்டாள்.

வருடங்கள் ஓடின. அகதாவின் குண்டுகள் பலகையைத் தேடிப் போகத் தொடங்கின. கையில் கோப்ரல் பட்டை ஏறியது. லாரி வேலையும் ஒரு பக்கம் ஓடியது. அப்படி ஓடியபோதுதான் கடலுக்குக் கல் கொண்டுபோகும் வேலை வந்தது.

பேராக் மாநிலத்தின் கடற்கரையில் பல இடங்களில் நிலம் கடலைவிடத் தாழ்வு. பாகான் டத்தோவுக்கு அப்பால், கம்பம் என்று சொல்லும் கிராமம் ஒன்றும் அப்படித்தான். கடலுக்கும் வீடுகளுக்கும் நடுவே நீளமான ஒரு மண்கரை, அவ்வளவுதான் காவல். முன்னால் நின்ற அலையாத்தி மரங்களை அலை தின்று தீர்த்திருந்தது. இனி மண்ணையும் தின்னும் என்பதால் கரையின் கடல்பக்கத்தில் கருங்கல் போர்த்தும் வேலை தொடங்கியது. ஈப்போ பக்கத்து மலையை உடைத்துக் கடலோரத்தில் கொண்டுபோய்க் கொட்டுவது அகதாவுக்கு முதலில் வேடிக்கையாக இருந்தது. "நம்ம ஊரு மலை இங்க வந்து குளிக்குது" என்பாள் கூட ஓட்டும் அர்ச்சுனனிடம்.

கம்பத்தில் அவர்களுக்கு வரவேற்பு ஒன்றும் இல்லை. பாரமேற்றிய லாரிகள் ஏறி ஏறிச் சாலை குழியாகிவிட்டது. வெயிலடித்தால் தூசி, மழை பெய்தால் சேறு. சரளா என்கிற பெண் ஒரு நாள் சாலை நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை கட்ட மணல் இறக்கி வைத்திருந்தவள் அவள்.

"உங்க லாரி போறப்பல்லாம் என் வீட்டு சுவரு ஆடுது. மெதுவா போக மாட்டீங்களா?"

"மெதுவாத்தான் வாரேன் அக்கா. கல்லு கனமா இருக்கு, நான் என்ன செய்ய?"

"கனமான கல்லு எதுக்கு? சின்னதா கொண்டு வா!"

அகதா இறங்கிப் போய் நாற்காலியோடு சேர்த்து அவளை ஓரமாக நகர்த்திவிட்டு வந்தாள். இரண்டு பேருமே முறைத்துக்கொண்டார்கள்.

அது நடந்து சில நாள்தான் இருக்கும். பௌர்ணமியை ஒட்டிக் கடல் பொங்கும் பருவம். அன்று காலை காற்றும் சேர்ந்துகொண்டது. அகதா வந்தபோது தண்ணீர் மண்கரையின் விளிம்பை நக்கிக்கொண்டிருந்தது. கரைமேல் லாரி திரும்ப ஒரே ஓர் அகலமான இடம்தான் உண்டு. அங்கே திரும்பி, மிச்ச தூரத்தைப் பின்னுக்கே ஓட்டிப் போய்க் கொட்ட வேண்டும். அவள் திரும்பி நிறுத்திய நேரத்தில்தான் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. பெரிய மிருகம் தண்ணீர் குடிப்பது போன்ற சத்தம்.

கண்ணாடியில் பார்த்தாள். கரையின் தாழ்வான ஓர் இடத்தில் கடல் ஏறி, மண்ணை அறுத்துக்கொண்டு கம்பத்துப் பக்கம் இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் வாய்க்கால் அளவு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அகலமானது. கரையில் வேலைக்கு நின்ற மண் அள்ளும் இயந்திரம் உடைப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அங்கே போட கல்லும் இல்லை. இயந்திரக்காரர் இரண்டு கையையும் ஆட்டி, போய்விடு, போய்விடு என்றார்.

போயிருக்கலாம். லாரியின் முகம் ஊரைப் பார்த்துத்தான் நின்றது. யாரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். கீழே வீடுகளிலிருந்து ஆட்கள் ஓடி வருவதை அவள் பார்த்தாள். யாரோ ஒரு பெண் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினாள்.

தன் லாரியைக் கீழே நிறுத்திவிட்டு அர்ச்சுனன் மேலே ஓடி வந்தான். "அக்கா, என்ன யோசிக்கிறீங்க?"

"கல்லு இருக்கு. ஓட்டை இருக்கு. நீ பின்னால நின்னு வழி சொல்லு."

"மண்ணு ஊறிப்போச்சு அக்கா! இழுத்துக்கும்!"

"அதான் நிக்காம போகணும்ங்கிறேன், நீ வழி சொல்லு!"

அவள் இருக்கைப் பட்டையைக் கழற்றினாள். குதிக்க வேண்டி வந்தால் குதிக்கலாம் என்று கதவைத் திறந்து விட்டாள். அர்ச்சுனன் பின்னால் நடந்தபடி கையை ஆட்டிக் கூவத் தொடங்கினான். "கோஸ்தான்! பின்னால! கோஸ்தான்! இடது... கொஞ்சம் இடது... கோஸ்தான்!" லாரி பின்னுக்கு ஊர்ந்தது. சக்கரத்துக்கு அடியில் மண் களி மாதிரி நெளிவது அவளுக்கு இடுப்பில் தெரிந்தது. "போதும்! நில்லு!" என்று அவன் அலறியபோது பின்சக்கரத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நெம்புகோலை இழுத்து லாரியின் கல் தொட்டியைத் தூக்கினாள். கல் நகரவில்லை. இன்னும் தூக்கினாள். பாரம் மேலே போகப் போக லாரி மெல்ல இடதுபக்கம் சாய்ந்தது. "குதிங்க அக்கா!" என்றான் அர்ச்சுனன். தொட்டி உயர்ந்திருக்கும்போது விட்டுவிட்டுக் குதித்தால் லாரி கவிழ்ந்து கல்லெல்லாம் வேறெங்கோ போகும். அவள் லாரியை ஓர் அங்குலம் முன்னுக்கு விட்டுப் பிரேக்கை ஒரு தட்டுத் தட்டினாள். லாரி குலுங்கியது. அதற்குப் பிறகு மலை இடிவது போல மொத்தக் கல்லும் உடைப்புக்குள் இறங்கியது. பாரம் போனதும் தொட்டியைக் கீழே இறக்கி, அது உட்கார்ந்த பிறகுதான் அவள் குதித்தாள். இடது பின்சக்கரங்கள் அச்சு வரைக்கும் புதைந்துவிட்டன. ஏதோ ஒன்று முறிந்த சத்தமும் கேட்டது.

அலையின் வேகம் உடைந்தது. ஆனால் கல்லுக்குக் கல் இடுக்கில் தண்ணீர் இன்னும் பீறிட்டு வந்தது. கம்பத்துக்காரர்கள் கூடி நின்று ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்தினார்கள். மலாயில் ஒரு பக்கம், தமிழில் ஒரு பக்கம். அகதா மூச்சை இழுத்து, முகாமில் அணிவகுப்பில் கொடுக்கும் குரலில், "டெங்கார் சினி! இங்க கேளுங்க!" என்று ஒரு சத்தம் போட்டாள். எல்லோரும் அடங்கிப் போனார்கள். அவளுக்கே கொஞ்சம் தூக்கிவாரிப் போட்டது.

"வீட்டுல இருக்குற உரச்சாக்கு, அரிசிச்சாக்கு எல்லாம் கொண்டு வாங்க. மணல் யார்கிட்ட இருக்கு?"

"என் வீட்டுல இருக்கு" என்றாள் சரளா. "எடுங்க. ரூம்பு இல்லாட்டி பரவால்ல, வீடு இருக்கட்டும்."

மணலிலிருந்து கரை வரைக்கும் ஆட்கள் வரிசையாக நின்று சாக்குகளைக் கைமாற்றினார்கள். வயிறு முட்ட நிரப்பிய சாக்குகளை அகதா திருப்பி அனுப்பினாள். வாயை மடித்து அடியில் வைக்கவும் மிதிக்கவும் ஒருமுறைதான் காட்டினாள். சரளா அதைப் பார்த்துக் கப்பென்று பிடித்துக்கொண்டாள். பிறகு அவள் அடுக்கிய வேகத்துக்கு அகதாவே ஈடு கொடுக்கத் திணறினாள். "மிதி அக்கா, நல்லா மிதி, என் லாரின்னு நெனச்சு மிதி" என்று அகதா சொல்ல, சேற்றில் நின்றபடி சரளா வாய்விட்டுச் சிரித்தாள். மறுபக்கத்திலிருந்து இயந்திரக்காரர் களிமண்ணை அள்ளி அள்ளி மேலே அமுக்கினார். பீறிட்ட தண்ணீர் கசிவானது. மத்தியானத்துக்குள் கடலும் இறங்கியது.

சரளா தேநீர் கொண்டு வந்து நீட்டினாள். அகதாவால் குவளையைப் பிடிக்க முடியவில்லை. இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் சேறு. சரளா குவளையைத் தானே பிடித்து அவளுக்குக் குடிக்கக் கொடுத்தாள். அன்று அகதா தங்கியதும் அவள் வீட்டில்தான். அடுத்து ஏறிய கடலையும் அதற்கடுத்ததையும் அந்தச் சாக்குச் சுவர் தாங்கியது.

லாரியைப் பார்க்க ஈப்போவிலிருந்து முதலாளி தவுக்கே வந்தார். புதைந்த சக்கரத்தையும் முறிந்த அச்சையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். அகதா என்ன திட்டு விழுமோ என்று நின்றாள். திட்டு விழத்தான் செய்தது. "நீ ஏன் குதிக்கல? லாரி கவுந்து நீ உள்ள இருந்திருந்தா உன் புருஷனுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று மலாயில் அரை மணி நேரம் கத்தினார். கத்தி முடித்துவிட்டு, மற்ற ஓட்டுநர்களுக்குப் போன் அடித்து, ஞாயிறு என்றும் பாராமல் கல் ஏற்றி வரச் சொன்னார்.

யாரோ எடுத்த காணொளி முகாமுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. அடுத்த பயிற்சியில் சார்ஜன் ஷாஹ்ருல் அவளை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். பாராட்டுவார் என்று பார்த்தால், "ரெண்டாவது வரிசையில சாக்கு நேருக்கு நேரா இருந்துச்சு, பார்த்தேன்" என்றார். அப்புறம் நேராக நின்று, ஒரு சார்ஜன் தனக்குக் கீழே உள்ள கோப்ரலுக்கு வைக்கத் தேவையில்லாத சல்யூட் ஒன்றை வைத்தார்.

ஜோனதன் மட்டும் இரண்டு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. மூன்றாவது வாரம் விடுப்புப் போட்டுவிட்டு, "நானும் வாரேன், போலாம்" என்று புதிய லாரியில் ஏறி உட்கார்ந்தான். வழி முழுக்க ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். கரைமேல் ஏறியதும் இறங்கி நடந்து போனான். கடல் ஏறியிருந்த நேரம். ஒரு பக்கம் புதிதாகப் போர்த்திய கருங்கல்லில் அலை அடித்துத் திரும்பிக்கொண்டிருந்தது. மறுபக்கம், அந்தத் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, கூரைகளும் கொடியில் காயும் துணிகளும் தெரிந்தன. ஒருத்தர் வாசலில் மோட்டார் சைக்கிளைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஜோனதன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறி மாறிப் பார்த்தான்.

"கடலு மேல இருக்கு. வீடு கீழ இருக்கு" என்றான்.

"ஆமா லா" என்றாள் அகதா. "நீ கொஞ்சம் ஓரமா நில்லு. நான் கல்ல கொட்டணும்."