ஆம்புலன்ஸ் நுழையாத தெரு

அவளுக்குப் பம்பரம் என்று பெயர் வைத்தது அவள் கணவன்தான். கால் ஓரிடத்தில் தரிக்காது. தன் முடி வெட்டும் கடையில் ஆளில்லாத நேரத்திலும் வாசலுக்கும் கண்ணாடிக்கும் நடந்துகொண்டே இருப்பாள். நகரத்தின் நடுவே நாலைந்து மொழிக்காரர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த தெரு அது. வெளியில் இருப்பவர்களுக்கோ தெருவின் பெயரைக் கேட்டாலே கிலி. அவள் கூடப் பிறந்த அக்காவே, "பாக்கணும்னா நீ இங்க வாடி, நான் அந்தப் பக்கம் வர மாட்டேன்" என்பாள்.

ஒரு மத்தியானம் மாடி வீட்டுச் செருப்புத் தைப்பவர் வாய் கோணி விழுந்தார். ஆம்புலன்ஸ் பெரிய சாலையிலேயே நின்றுவிட்டது. போலீஸ் துணையில்லாமல் உள்ளே வரக்கூடாது என்று விதியாம். பம்பரமும் அவள் கணவனும் அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்கள். உயிர் தப்பியது. வலது கை விழுந்துவிட்டது.

அன்றிலிருந்து அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு ஆம்புலன்ஸ் நிலையத்துக்கே போய் நின்றாள்.

"எங்களுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும்மா," என்றார் ஓட்டுநர். "போன வருஷம் அங்க எங்காளு மண்டைய உடைச்சாங்க."

"உடைச்சது ஒருத்தன். அதுக்குத் தெருவே சாகணுமா?"

"சாகச் சொல்லலம்மா. உள்ள வந்தா எந்த வீடுன்னே தெரியல. கதவுல நம்பர் இல்ல, படிக்கட்டுல வெளிச்சம் இல்ல. நாங்க முழிச்சிக்கிட்டு நிக்கிறப்பதான் கூட்டம் கூடுது, கைகலப்பு வருது."

சண்டை போட வந்தவள் குரலைத் தணித்தாள். "அப்ப என்னென்ன செய்யணும்னு வந்து காட்டுங்க," என்றாள்.

விடுமுறை நாளில் அவர் வந்து காட்டினார். கடைக்காரர்கள் சங்கம் படிக்கட்டுகளுக்கு விளக்குப் போட்டது. பள்ளிக்கூடத்து ஓவிய வாத்தியார் பிள்ளைகளோடு வந்து கதவெங்கும் எண் எழுதினார். ஒவ்வொரு கட்டடத்திலும், சாலைக்கு ஓடிப் போய் வண்டியை அழைத்து வர இரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் தெருமுனையை அடைத்து நின்ற சரக்கு வண்டியின் சொந்தக்காரர் மட்டும் மசியவில்லை.

"என் வண்டிய எவன் நகத்துறான்னு பாக்கிறேன்."

பம்பரம் கெஞ்சினாள், கத்தினாள். கடைசியில் செருப்புத் தைப்பவரின் மனைவி வண்டிக்காரர் முன்னால் வந்து நின்றாள்.

"அன்னைக்கும் உங்க வண்டி இங்கதான் நின்னுச்சு. நாற்காலி போக வழியில்லாம சுத்திக்கிட்டுப் போனாங்க."

மறுநாள் காலையில் தெருமுனை காலியாக இருந்தது.

போலீஸ் துணை வேண்டும் என்ற விதியை நீக்க மேலிடம் மாதக்கணக்கில் இழுத்தடித்தது. பம்பரத்துக்குக் கத்தரிக்கோல் பிடித்த கை கூட நிலைகொள்ளவில்லை. யார் தலையிலாவது மேடு பள்ளம் விழுந்துவிடுமோ என்று கணவன் பயந்தான். ஒருவழியாக விதி போன பிறகு, அதே தெருவில் ஒரு வீட்டுப் பின்கட்டில் குழந்தைக்கு மூச்சுத் திணறியது. ஆம்புலன்ஸ் நேராக வாசலுக்கு வந்தது. பாதி வெட்டிய முடியோடு ஒருவரை உட்கார வைத்துவிட்டு அவள் வண்டியின் கூடவே ஓடினாள். குழந்தை மூன்றாம் நாள் சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது.

தெருவே கொண்டாடியது. அவள் மட்டும் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"நம்ம தெருவுக்குத்தான் வண்டி வந்தாச்சே. இன்னும் எங்க கிளம்பிட்ட?" என்றான் கணவன்.

"பின்னாடித் தெருவுக்கு இன்னும் அந்த விதி இருக்குங்க. டிரைவர் அண்ணன் முனையில நிக்கிறாரு."