பதினோரு வீட்டு ஜீப்

அழகம்மாள் யாரையும் நம்ப மாட்டாள். பிறவிக் குணம். பள்ளங்கியில் பிறந்து, மன்னவனூரில் வாக்கப்பட்டு, முப்பது வருஷமாக உருளைக்கிழங்கும் பூண்டும் போடுகிறவள். விதைப்பூண்டு வாங்கினால் மூட்டையை அவிழ்த்துக் கொட்டி, அடிவரைக்கும் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பக் கட்ட விடுவாள். பிள்ளைக்குச் சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்சிடம், "மொதல்ல நீ ரெண்டு சொட்டு குடி பாப்போம்" என்றவள். அடையாள அட்டையைக் காட்டினால், படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்து, "இது ஒங்க அக்காவா?" என்பாள். புருஷன் வேலுமணி சந்தைக்குப் போய்வந்தால் அவருக்கும் சட்டைப்பைச் சோதனை உண்டு. பாவம், அந்த மனுஷன் பழகிவிட்டார்.

அப்பேர்ப்பட்டவளை வேனில் ஏற்றிக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோவது லேசுப்பட்ட காரியமா? ஒரு கல்லூரி அரங்கத்தில் பெரிய பொருளாதார நிபுணர் பேசுகிறாராம். நாட்டின் வளர்ச்சி பற்றி. மேல்மலை விவசாயிகள் கட்டாயம் வரவேண்டுமாம். போக வர வேன், மதியம் பிரியாணி.

"சும்மா எதுக்குடி பிரியாணி போடுறான்?" என்று பக்கத்து வீட்டுக் கண்மணியிடம் வேனுக்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள். "என்னமோ உள்குத்து இருக்கு. எதுலயும் கையெழுத்துப் போட்டுறாத, சொல்லிட்டேன்."

இவ்வளவு பேசுகிறவள் ஏன் வந்தாள் என்றால், சம்பந்தி வருகிறார். வத்தலக்குண்டில் உரக்கடை வைத்திருக்கும் ஞானவேலுக்கும் அழைப்பு இருந்தது. அவர் மகன் கோகுலுக்கும் இவள் மகள் சுகன்யாவுக்கும் பூ வைத்தாயிற்று, தையில் கல்யாணம். கோகுல் பேரை எடுத்தாலே சுகன்யா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்படிக்குள் போய்விடுவாள். அதைப் பார்க்கும்போது மட்டும் அழகம்மாளுக்கு யார்மீதும் சந்தேகமே வராது. இந்தக் கல்யாணம் நல்லபடியாக முடிந்துவிட்டால் போதும் என்று வேண்டாத சாமி இல்லை.

அரங்கத்தில் ஞானவேல் மூன்று வரிசை முன்னால் உட்கார்ந்திருந்தார். திரும்பிப் பார்த்து, "வாங்க தங்கச்சி" என்று கும்பிட்டார். மேடையில் சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் ராஜேஷ்குமார். நல்ல தமிழ், நல்ல குரல். அதுவே அழகம்மாளுக்குப் பிடிக்கவில்லை. இவ்வளவு இனிமையாகப் பேசுகிறவன் எதையோ விற்க வந்திருக்கிறான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள்.

நாடு வளர்கிறது என்றார் பேராசிரியர். தலா வருமானம் கூடிவிட்டது என்றார்.

"அதென்னடி தலா வருமானம்?"

பத்தாவது படித்த கண்மணி விளக்கினாள். "நாட்டுல எல்லாருக்கும் வந்ததக் கூட்டி, தலைக்கு இவ்வளவுன்னு வகுத்துச் சொல்றது."

"அப்ப என் தலைக்கு வந்தத எவன் வச்சிருக்கான்?"

முன்வரிசையில் ஒருவர் திரும்பி முறைத்தார். அழகம்மாளும் முறைத்தாள்.

அந்த நேரத்தில் திரையில் மன்னவனூர் வந்தது. அவள் தெருவேதான். "வளர்ச்சிக்கு எங்கேயும் போய்ச் சாட்சி தேட வேண்டாம்" என்றார் பேராசிரியர். "இந்தத் தெருவில் பதினோரு வீடுகள். பதினோரு வீட்டிலும் ஜீப் இருக்கிறது. வீட்டுக்கு நான்கு கறவை மாடுகள்." கைதட்டல் எழுந்தது. ஞானவேல் பக்கத்தில் இருந்தவரிடம், "நம்ம சம்பந்தி வீட்டுத் தெரு" என்று பெருமையாகச் சொன்னது பின்னால் வரைக்கும் கேட்டது.

அடப்பாவி, இப்படிப் புளுகுகிறானே என்று அழகம்மாள் வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. மேடைக்குக் கீழே கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டிருந்த பெண்ணை அவளுக்குத் தெரியும்.

போன வருஷம் மாசியில் அந்தப் பெண், பேர் சுபஸ்ரீ, கையில் டேப்லெட்டோடு தெருவுக்கு வந்தாள். அப்போதுதான் கல்யாணத் தரகர் வந்து, வத்தலக்குண்டில் ஒரு நல்ல இடம் இருக்கிறது, அவர்கள் சத்தமில்லாமல் ஆள் விட்டு விசாரிப்பார்கள் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். வந்தவள் ஆய்வு என்றாள். அழகம்மாளா நம்புவாள்? வீடு சொந்தமா, மாடு எத்தனை, வண்டி உண்டா, பிள்ளைகள் என்ன படிப்பு? இது மாப்பிள்ளை வீட்டு விசாரணை இல்லாமல் வேறென்ன! கண்மணி வீட்டு மாட்டையும் சேர்த்து நாலு என்றாள். டீக்கடை முன்னால் நின்ற, வாடகைக்கு ஓட்டும் சிவமுருகனின் ஜீப்பைக் காட்டி எங்களது என்றாள். அதோடு விட்டாளா? சுபஸ்ரீக்குக் காப்பி போட்டு உட்காரவைத்துவிட்டு, கொல்லைப்பக்கமாக ஓடிப்போய் வீடு வீடாகச் சொன்னாள்: "பொண்ணு வீட்டுச் சொக்காரங்க, பங்காளிங்க எல்லாம் கஞ்சிக்கு வழியில்லாதவங்கன்னு போயிச் சொல்லிறப் போறா. வசதியாச் சொல்லுங்க." அத்தனை வீடும் நாலு மாடு என்றது. அத்தனை வீடும் அதே ஜீப்பைக் காட்டியது. சிவமுருகன் சவாரி எடுக்காமல் அன்று அங்கேயே நின்றது யார் செய்த வினையோ. பிறகு நிஜமாகவே பெண் பார்க்க வந்த ஞானவேலிடமும், வார்த்தை மாறக்கூடாதே என்று அதே பொய்யைத்தான் சொன்னாள்.

பேராசிரியர் இன்னும் முடிக்கவில்லை. "இப்படி வளர்ந்த ஊர்களுக்கு அரசு நஷ்டத்தில் பஸ் விட வேண்டுமா? காலை பஸ்ஸை நிறுத்தி, வசதி இல்லாத ஊருக்கு விடலாம் என்று எங்கள் அறிக்கையில் எழுதியிருக்கிறோம்."

அந்தக் காலை பஸ்ஸுக்காக மூன்று வருஷம் மனுவும் கையுமாக அலைந்தவள் அழகம்மாள். கண்மணி மகள் பள்ளிக்கூடம் போவது அதில்தான். வெள்ளனே ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்கும் அதை விட்டால் நாதியில்லை.

"கேள்வி இருந்தால் கேட்கலாம்."

அழகம்மாள் எழுந்தாள். கண்மணி முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "உக்காருடி! சம்பந்தி இருக்காரு. ஒம்மக கல்யாணம்டி!"

"ஒம்மக எதுல பள்ளிக்கூடம் போவா?" என்று முந்தானையை விடுவித்துக்கொண்டாள். மைக்கை வாங்கிக்கொண்டாள்.

"ஐயா, அந்தப் பதினோரு ஜீப்பும் ஒரே ஜீப்புங்க. சிவமுருகனோடது. நாங்க எல்லாரும் பொய் சொன்னோம். கணக்கெடுக்க வந்த பொண்ண, எங்க மகளப் பொண்ணு கேக்க விசாரிக்க வந்தவன்னு நெனச்சுட்டேங்க. எனக்கு ரெண்டே மாடுதான், கறக்குறது ஒண்ணு. எங்களுக்குப் பஸ்ஸ விட்டா நாதியில்ல. நிறுத்திராதீங்க."

அரங்கமே சிரித்தது. சுபஸ்ரீ தலையை நிமிர்த்தவில்லை. பேராசிரியரும் சிரித்தார், கோபமே இல்லாமல்.

"நன்றி, அம்மா. பஸ் வேண்டும் என்பதற்காக வசதியைக் குறைத்துச் சொல்வது கிராமங்களில் இயல்புதான். எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால்தான் பதினோரு வீட்டிலும் தனித்தனியாகக் கேட்டு உறுதி செய்தோம். அடுத்த கேள்வி?"

வாழ்நாள் முழுக்க அடுத்தவரைச் சந்தேகப்பட்டவளுக்கு, உண்மையைச் சொல்லிவிட்டுச் சந்தேகத்துக்கு ஆளாவது இவ்வளவு கேவலமாக இருக்கும் என்று தெரியாது. மைக்கை யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள்.

கூட்டம் கலைந்ததும் ஞானவேல் வாசலில் நின்றார்.

"தங்கச்சி, அப்ப எங்ககிட்டச் சொன்னதும்…"

உள்ளே பேசியதுதான் பொய், பஸ்ஸுக்காகக் குறைத்துச் சொன்னேன் என்று இப்போதும் சமாளிக்கலாம். பேராசிரியரே வழி காட்டிக் கொடுத்துவிட்டாரே! நாக்கு நுனி வரைக்கும் வந்தது.

"அதுவும் பொய்தாண்ணே. எம்மக மட்டும் நெசம். அவளுக்கு எதுவும் தெரியாது."

அவர் தோள்துண்டை எடுத்து உதறிப் போட்டுக்கொண்டார்.

"சரி. தையில வேணாம். அப்புறம் பாத்துக்கிருவோம்."

அப்புறம் பார்த்துக்கொள்வோம் என்றால் இந்தப் பக்கத்தில் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாதா? ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. அத்தனை பெரிய கூட்டத்தில், அவள் சொன்னதை ஒரு சொல் விடாமல் நம்பியவர் அவர் ஒருத்தர்தான்.